மார்ச்சு மாதத்துச் செலவு

ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச்சு மாதத்தின் பின்பாதியில், நம் நாட்டு அரசாங்க அலுவலகங்களில் ஒரு தனிச் சுறுசுறுப்புப் பிறக்கிறது. பத்து மாதங்களாக மேஜையின் மேல் உறங்கிக் கிடந்த கோப்பு ஒரே பகலில் மூன்று அறைகளைக் கடந்துவிடுகிறது. வண்டியில் நாற்காலிகள் வந்து இறங்குகின்றன. வைப்பதற்கு இடமின்றி அவற்றைத் தாழ்வாரத்தில் அடுக்குகிறார்கள். கணக்குப் பிரிவில் இரவு ஒன்பது மணிக்கும் விளக்கு எரிகிறது. ஏப்ரல் முதல் தேதி காலையில் அதே அலுவலகத்துக்குச் சென்று பாருங்கள். திருவிழா முடிந்த மறுநாள் தேர்முட்டி போல இருக்கும்.

பொதுமக்களுக்கு இக்காட்சி புதிதன்று. "மார்ச்சு வந்துவிட்டது, சாலையைத் தோண்டுகிறார்கள்" என்று நகைப்பது நம் வழக்கம். உத்தியோகஸ்தர்களின் பொறுப்பின்மையே இதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடுவதும் வழக்கந்தான். இந்த முடிவு எனக்கு உடன்பாடன்று. பொறுப்பற்றவர்கள் எங்கும் உண்டு. ஆனால் ஏறத்தாழ எல்லா இலாகாக்களிலும், ஆண்டுதோறும், ஒரே மாதத்தில் ஒரு பழக்கம் தலையெடுக்குமானால், அதன் வேரை மனிதர்களின் குணத்தில் தேடுவதைவிட அவர்களைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டில் தேடுவதே முறை.

அந்த ஏற்பாட்டை முதலில் பார்ப்போம். நம் அரசியல் சட்டத்தின் 112ஆம் ஷரத்து, ஒவ்வொரு நிதியாண்டுக்கும் உரிய வரவு செலவு மதிப்பீட்டைப் பார்லிமெண்டின் முன் வைக்க வேண்டும் என்கிறது. செலவுகள் மானியக் கோரிக்கைகளாக லோக்சபையின் முன் வருகின்றன. பின்னர் 114ஆம் ஷரத்தின்படி நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறினால்தான் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க முடியும். அவ்வாறு அளிக்கப்படும் அனுமதி அந்த ஓர் ஆண்டுக்கே உரியது. மார்ச்சு 31ஆம் தேதி நள்ளிரவில் செலவாகாமல் எஞ்சி நிற்கும் தொகைக்கான அனுமதி காலாவதியாகிவிடுகிறது.

இது வீண் கெடுபிடி அன்று. மக்களின் பிரதிநிதிகள் அனுமதித்த காலத்துக்கு அப்பால் அரசாங்கம் மக்கள் பணத்தைத் தொடக் கூடாது என்னும் கொள்கை, ஜனநாயகம் நெடுங்காலம் போராடிப் பெற்ற உரிமைகளுள் ஒன்று. இலாகாக்கள் எஞ்சிய பணத்தை ஆண்டுக்கு ஆண்டு சேர்த்துவைத்துக்கொண்டு, தாமே விரும்பியபடி செலவிடத் தொடங்கினால் பார்லிமெண்டின் பிடி தளர்ந்துவிடும். ஆகவே காலாவதி விதியை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. இந்நல்ல விதி, சபையிலிருந்து இறங்கிப் பல படிகளைத் தாண்டி ஒரு சிறிய அலுவலகத்தை வந்தடையும்போது என்ன உருவம் கொள்கிறது என்பதுதான் கேள்வி.

ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இது பல அலுவலகங்களைச் சேர்த்து வரைந்த சித்திரம். மாவட்டத் தலைநகர் ஒன்றில், பழைய கட்டடத்தில், நாற்பது பேர் பணிபுரியும் மத்திய அரசாங்க அலுவலகம். அதன் ஆவண அறையில் கூரை ஒழுகுகிறது. அங்கே இருப்பவை ஊழியர்களின் பணிப் பதிவேடுகள். ஒருவர் எந்தத் தேதியில் வேலையில் சேர்ந்தார், எந்தெந்த ஊரில் எத்தனை ஆண்டு பணி செய்தார், எத்தனை நாள் விடுப்பில் இருந்தார் என்பதற்கெல்லாம் அந்தப் பதிவேடே சாட்சி. அதில் இரண்டு பக்கங்கள் நனைந்து மை கரைந்து போனால், முப்பத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வு பெறுகிறவரின் ஓய்வூதியம் மாதக்கணக்கில் தடைப்படும். பழைய ஊர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிச் சான்று தேட வேண்டியிருக்கும்.

அலுவலகத் தலைவர் கூரையைப் பழுது பார்க்க விரும்புகிறார். எஞ்சினீயர் கணக்கிட்டு எட்டு லட்சம் ரூபாய் ஆகும் என்கிறார். மதிப்பீடு அனுப்பும் பருவத்தில் அவர் எட்டு லட்சத்தையே எழுதி அனுப்புகிறார். தலைமை அலுவலகத்திலோ, எல்லாரும் கூட்டியே கேட்பார்கள் என்பது அனுபவ பாடம். எனவே எட்டு ஐந்தாகிறது. ஐந்து லட்சத்தில் பாதிக் கூரையைத்தானே போட முடியும்? மறு ஆண்டு அவரும் பாடம் கற்றுக்கொள்கிறார். எட்டுத் தேவை என்றால் பன்னிரண்டு கேட்கிறார். கேட்பவர் கூட்டுவார் என்று கொடுப்பவர் குறைக்கிறார்; கொடுப்பவர் குறைப்பார் என்று கேட்பவர் கூட்டுகிறார். இருவரும் தம்மளவில் நியாயமானவர்களே. ஆனால் இருவருக்கும் இடையே ஓடும் தாளில் உண்மையான எண் ஒன்றுகூட இல்லை.

ஒருவழியாக எட்டு லட்சம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அமைச்சகத்திலிருந்து இலாகாத் தலைமைக்கும், அங்கிருந்து மண்டல அலுவலகத்துக்கும், அங்கிருந்து நம் அலுவலகத்துக்கும் ஒதுக்கீட்டு உத்தரவு வந்து சேரும்போது ஜூன் மாதம். மழை தொடங்கிவிட்டது. மழையில் கூரையைப் பிரிக்க முடியுமா? அக்டோபருக்குள் டெண்டர் விடுகிறார்கள். பொது நிதி விதிகளின்படி, டெண்டர் அறிவித்த நாளிலிருந்து, விலைப்புள்ளி கொடுக்கச் சாதாரணமாகக் குறைந்தது மூன்று வாரம் அவகாசம் தர வேண்டும். ஒரே ஒருவர் விலைப்புள்ளி கொடுக்கிறார். ஒருவரை வைத்து முடிவு செய்தால் தணிக்கையில் கேள்வி வருமோ என்று மீண்டும் டெண்டர். இதற்கிடையில் திருத்திய மதிப்பீட்டுக் காலம் வந்துவிடுகிறது. தலைமை அலுவலகத்தில் கணக்கைப் புரட்டுகிறார்கள்: மராமத்துத் தலைப்பில் இதுவரை செலவு சூன்யம். "செலவே இல்லையே, இவர்களுக்கு எதற்கு எட்டு லட்சம்?" என்று இரண்டாக்கிவிடுகிறார்கள். வேலையை ஏற்க ஒப்பந்தக்காரர் கிடைத்த வாரத்தில் பணம் போய்விட்டது.

கதை இத்துடன் முடிவதில்லை. மார்ச்சு 15 வாக்கில், வேறு அலுவலகங்களில் செலவாகாத தொகைகள் தலைமை அலுவலகத்தில் வந்து குவிகின்றன. அவற்றைத் தம் கணக்கில் எச்சமாகக் காட்டத் தலைமையதிகாரிக்கு மனமில்லை. நம் அலுவலகத்துக்கு ஒரு செய்தி வருகிறது: ஆறு லட்சம் ரூபாய் அனுப்பப்படுகிறது, 31ஆம் தேதிக்குள் செலவிடுக. ஆனால் இம்முறை தொகை வருவது மராமத்துத் தலைப்பில் அன்று. அலுவலகச் செலவுத் தலைப்பில். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற மறு ஒதுக்கீட்டு உத்தரவு வேண்டும், அதற்கு நாளில்லை. இரண்டு வாரத்தில் எதை வாங்க முடியுமோ அதை வாங்குகிறார்கள். நாற்காலி, அச்சுப்பொறி, கட்டுக் கட்டாகக் காகிதம், இரும்பு அலமாரி. அந்த அலமாரியைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறார்கள்? ஒழுகும் ஆவண அறையில்.

மார்ச்சு மாதத்துப் பணத்தின் இயல்பு இதுதான். தேவையானதை வாங்க அதற்கு அவகாசம் கிடையாது. விரைவில் கிடைப்பதைத்தான் அது வாங்கும். இதில் யாரும் ஒரு காசு திருடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பில்லுக்கும் ரசீது இருக்கிறது, ஒவ்வொரு நாற்காலிக்கும் இருப்புப் பதிவேட்டில் வரி இருக்கிறது. லஞ்சத்தைப் பிடிக்கச் சட்டம் உண்டு. இந்த நஷ்டத்துக்குப் பெயர்கூடக் கிடையாது.

இது இந்தியாவுக்கு மட்டும் வந்த நோய் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மத்திய அரசாங்கத்தின் நிதியாண்டு செப்டம்பர் 30ஆம் தேதி முடிகிறது. அங்குள்ள அரசாங்கக் கொள்முதல்களை ஜெஃப்ரி லீப்மன், நீல் மஹோனி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நிதியாண்டின் கடைசி வாரத்துச் செலவு, மற்ற வாரங்களின் சராசரியைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது. அந்த வாரத்தில் ஒப்பந்தம் செய்யப்பட்ட கணினித் திட்டங்கள் தரத்திலும் தாழ்ந்திருந்தன. எஞ்சிய பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் தனி அதிகாரம் பெற்றிருந்த நீதி இலாகாவில் மட்டும் அத்தகைய தரக்குறைவு காணப்படவில்லை. ஊரும் மொழியும் வேறு; நிதியாண்டு முடியும் மாதமும் வேறு. விதி ஒன்றாக இருந்ததால் நடத்தையும் ஒன்றாக இருந்தது.

நம் அரசாங்கம் இதைக் காணாமல் இருந்துவிடவில்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் செலவை அள்ளிக் கொட்டுவது நிதி ஒழுங்குக்கு மாறானது என்று பொது நிதி விதிகளிலேயே எழுதிவைத்திருக்கிறது. ஆண்டு மதிப்பீட்டில் கடைசி மூன்று மாதங்களில் 33 சதவிகிதத்துக்கும், மார்ச்சு மாதத்தில் மட்டும் 15 சதவிகிதத்துக்கும் மேல் செலவிடக் கூடாது என்று நிதி அமைச்சகம் பல ஆண்டுகள் வரம்பு விதித்து வந்தது. 2019-20ஆம் ஆண்டில் அவ்வரம்புகளை 25, 10 என்று இறுக்கியது. பணத்தை உடனடித் தேவையின்றிக் கஜானாவிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பழைய விதி. ஆயினும், காலாவதியிலிருந்து தப்புவிக்க வேறோர் அமைப்பின் கணக்கில் முன்பணமாகக் கட்டி, "செலவாகிவிட்டது" என்று எழுதிக்கொள்ளும் வழக்கத்தைத் தணிக்கை அறிக்கைகள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டியிருக்கின்றன. அத்தகைய பணம் வங்கிகளில் தேங்கிக் கிடப்பதைத் தடுக்கவே, 2021 முதல், மத்திய உதவித் திட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ராஜ்யத்தில் ஒரே முகமை, ஒரே கணக்கு என்ற முறையைக் கொண்டுவந்தார்கள்.

இவையெல்லாம் பயனுள்ளவைதாம். எனினும் எனக்கு ஓர் ஐயம். மார்ச்சில் 15 சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்றால், அந்த அவசரம் பிப்ரவரிக்கு நகர்ந்துவிடாதா? வெள்ளத்துக்கு ஒரு மதகை அடைத்தால் அது பக்கத்து மதகை நாடும். மேலே ஏரியில் தண்ணீர் ஏன் தேங்கிற்று என்று பார்க்க வேண்டாமா?

தேங்குவதற்கு ஒரு காரணம் நாட்காட்டி. ஏப்ரல் முதல் மார்ச்சு வரை என்னும் நிதியாண்டு 1867ஆம் ஆண்டு முதல் இங்கே நடைமுறையில் உள்ளது. எல். கே. ஜா தலைமையில் அமைந்த குழு, தென்மேற்குப் பருவமழையின் விளைவை அறிந்த பின் மதிப்பீடு தயாரிப்பது நலம் என்று கருதி, ஜனவரியில் தொடங்கும் நிதியாண்டை 1985இல் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. ஆண்டு மாறவில்லையாயினும், மதிப்பீட்டைத் தாக்கல் செய்யும் நாள் மாறிற்று. முன்பு பிப்ரவரியின் கடைசி வேலை நாளில் தாக்கல் செய்து, இரண்டு மாதச் செலவுக்கு முன்மானியம் பெற்றுக்கொண்டு, முழு அனுமதியை மே மாதத்தில்தான் பெறுவார்கள். 2017 முதல் பிப்ரவரி முதல் தேதியிலேயே தாக்கலாகிறது. அவ்வாண்டு எல்லாச் சட்டங்களும் மார்ச்சு 31க்குள் நிறைவேறின. திட்டச் செலவு, திட்டமல்லாச் செலவு என்ற பிரிவினையும் அதே ஆண்டில் மறைந்தது. நல்ல சீர்திருத்தம் என்றே சொல்வேன். மழைக்கு முந்திய இரண்டு மாதங்களை அது திருப்பிக் கொடுத்தது. பொதுத் தேர்தல் வரும் ஆண்டுகளில் மட்டும் இந்த அனுகூலம் கிட்டுவதில்லை. 2024இல் முழு வரவு செலவுத் திட்டம் ஜூலை 23ஆம் தேதிதான் தாக்கலாயிற்று.

ஆனால் நாட்காட்டியைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. அது அச்சம். ஓர் அலுவலகத் தலைவர் அனுமதித்த தொகைக்கு மேல் செலவு செய்தால் அது பார்லிமெண்டின் அதிகாரத்தை மீறிய செயல். 115ஆம் ஷரத்தின் கீழ்ப் பின்னர் முறைப்படுத்த வேண்டிய குற்றம். குறைவாகச் செலவு செய்தாலோ, மதிப்பீடு தவறு என்ற கண்டனம். ஒரு மானியத்தில் எச்சம் 100 கோடி ரூபாயை எட்டினால் பொதுக் கணக்குக் குழுவுக்கு விளக்கம் எழுத வேண்டும். கேட்பது குழுவின் கடமை; அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அமைச்சகத்தின் தலையில் விழும் கேள்வி, படிப்படியாக இறங்கி வந்து, சிறிய அலுவலகத்தில் "எப்படியாவது செலவழித்துவிடு" என்ற கட்டளையாக மாறிவிடுகிறது.

இத்துடன் ஒரு தண்டனையும் சேர்கிறது. ஆறு லட்சம் ஒதுக்கிய மின்சாரச் செலவை, விளக்கும் விசிறியும் வீணாக ஓடாமல் கண்காணித்து நான்கரை லட்சத்தில் முடித்த ஓர் அதிகாரியை நினைத்துப் பாருங்கள். அவருக்கு என்ன கிடைக்கிறது? அடுத்த ஆண்டு ஒதுக்கீடு நான்கரை லட்சம். கோடை கடுமையாக இருந்து கட்டணம் ஏறினால் அவர் கையேந்தி நிற்க வேண்டும். ஆறு லட்சத்தையும் கரைத்த பக்கத்து அலுவலகத்துக்கு ஆறரை லட்சம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வளர்ந்த மனிதரை, அளக்காமல் போடப் பழக்குவது இதுவே.

கணக்கு ஏட்டின் குறைபாடு இங்கேதான் இருக்கிறது. விலையை அடித்துப் பேசி ஒன்றரை லட்சம் மிச்சப்படுத்தியவரின் ஏட்டிலும், கோப்பைத் தொடாமலே ஒன்றரை லட்சத்தைக் காலாவதியாக விட்டவரின் ஏட்டிலும் ஒரே எண்தான் நிற்கிறது. சிக்கனமும் சோம்பலும் ஒரே நிரலில், ஒரே மையில் எழுதப்படுகின்றன. காலியிடங்களால் மிஞ்சும் சம்பளப் பணமும் அதே நிரலில்தான் சேர்கிறது. இருப்பவர்களைக் கணக்கிடாமல், அனுமதிக்கப்பட்ட பதவிகள் அனைத்தும் நிரம்பும் என்று எழுதிய மதிப்பீட்டில் எச்சம் வராமல் என்ன செய்யும்? அது சிக்கனமும் அன்று, சோம்பலும் அன்று. மேஜையில் உட்கார்ந்து தலைகளை எண்ணாத பிழை. இவை மூன்றையும் பிரித்து எழுதச் சொன்னாலே பாதி உண்மை வெளிப்பட்டுவிடும். எந்தத் தொகை குறைந்த விலையால் மிஞ்சிற்று, எது வேலை நடவாமையால் மிஞ்சிற்று, எது மதிப்பீட்டுப் பிழையால் மிஞ்சிற்று என்று மூன்று வரி. முதல் வரியில் தொகை காட்டியவருக்கு அடுத்த ஆண்டு வெட்டு இல்லை என்று தலைமையகம் உறுதி சொல்லட்டும். அதில் ஒரு பகுதியை அவருடைய அலுவலகத்தின் வேறு நியாயமான தேவைக்கு விட்டுக் கொடுக்கட்டும். இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை.

சில பெரிய காரியங்களுக்குக் காலாவதியாகாத நிதியை அரசாங்கமே ஏற்படுத்தியிருக்கிறது. வடகிழக்கு ராஜ்யங்களுக்காக அமைச்சகங்கள் செலவிட வேண்டிய பங்கு எஞ்சினால், அதைப் பொதுத் தொகுப்பில் சேர்த்துப் பின்னர் அங்கேயே பயன்படுத்தும் ஏற்பாடு 1990களின் இறுதியில் தோன்றிற்று. மலைப் பிரதேசத்தில் வேலை செய்யக்கூடிய பருவம் குறுகியது என்பதை நினைத்தால் அதன் நியாயம் விளங்கும். ஆயினும் எல்லாவற்றுக்கும் தனித்தனி நிதி என்று தொடங்கினால், ஒரே தொகுப்பு நிதி என்ற கட்டுக்கோப்புக் குலைந்துவிடும். அளவோடு செய்ய வேண்டிய மருந்து அது. வள்ளுவர் அரசனுக்கு உரிய திறன்களைச் சொல்லும்போது, பொருளைத் தேடுவதையும் காப்பதையும் சொன்னதோடு நில்லாமல் வகுத்துச் செலவிடுவதையும் சேர்த்து வைத்தார். தேடுவதற்கு வரி இலாகா இருக்கிறது, காப்பதற்குக் கஜானா இருக்கிறது. வகுத்தலுக்கு ஓர் இலாகா போதாது. அது ஒவ்வொரு மேஜையிலும் நடக்க வேண்டிய வேலை.

சிறிய அலுவலகத்தின் தலைவர் தம் கையில் உள்ளதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று நேயர்கள் கேட்கலாம். மழைக்காலத்தில் கூரையைப் பிரிக்க முடியாது. ஆனால் மதிப்பீடு, வரைபடம், தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் வாசகம் ஆகியவை எல்லாம் மழையில் நனைவன அல்ல. பணம் வந்த பிறகு தொடங்கும் இவ்வேலைகளைப் பணம் வருமுன் முடித்துவைத்தால், மழை நின்ற வாரத்தில் ஆளை இறக்கலாம். மேலதிகாரிகளும் தம் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும். நவம்பரில் கணக்கைப் பார்த்து "எத்தனை சதவிகிதம் செலவாயிற்று" என்று கேட்பதால், ஒப்பந்தம் முடிந்து செங்கல் வந்து இறங்கிய வேலையும், கோப்பே திறக்காத வேலையும் ஒன்றுபோல சூன்யமாகத் தெரிகின்றன. "எந்த வேலை எந்தப் படியில் நிற்கிறது" என்று கேட்டிருந்தால் நம் ஆவண அறையின் எட்டு லட்சம் இரண்டாகியிராது.

எஞ்சும் என்று தெரிந்த தொகையை முன்கூட்டியே திருப்பிக் கொடுப்பதை அலுவலக வழக்கில் சரண்டர் என்பார்கள். சொல்லே தோல்வியை ஒப்புக்கொள்வது போல ஒலிப்பதனாலோ என்னவோ, அதைக் கடைசி நாள் வரை ஒத்திப்போடுகிறார்கள். குறித்த தேதிக்குள் எச்சத்தைத் திருப்ப வேண்டும் என்று விதி இருந்தும், பெருந்தொகைகள் மார்ச்சு 31ஆம் தேதியன்றே திருப்பப்படுகின்றன என்று தணிக்கை அறிக்கைகள் சொல்லி வருகின்றன. டிசம்பரில் திரும்பும் ஒரு லட்சம் ரூபாய் இன்னோர் ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சுவரையோ, ஒரு மருத்துவசாலையின் குழாயையோ அந்த ஆண்டிலேயே செப்பனிடும். மார்ச்சு 31 மாலையில் திரும்பும் ஒரு லட்சம் யாருக்கும் பயன்படாது. அதற்குள் துணை மானியக் கோரிக்கைகளும் முடிந்துவிட்டிருக்கும். சென்ற ஆண்டில் எந்த அலுவலகம் எந்தத் தேதியில் சரண்டர் செய்தது என்ற ஒரு பட்டியலை ஒவ்வொரு இலாகாத் தலைமையும் ஏப்ரலில் தயாரித்து, மதிப்பீடுகளைச் சுருக்க உட்காரும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். யாருடைய எண்ணை நம்பலாம் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.